மனசு மக்கரா, உடம்பு மக்கரா? நீண்ட தூரப் பயிற்சியில் பழுது பார்க்கும் முறை

மாரத்தான் ஓட்டமோ, நீண்ட தூர சைக்கிளோ, நீச்சலோ, மாதக்கணக்கில் பயிற்சி செய்கிற எல்லோரும் ஒருநாள் ஒரே புகாரோடு வந்து நிற்பார்கள்: “முடியல.” இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, உடம்பு இன்னும் தேறவில்லை. மற்றொன்று, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசு சலித்துவிட்டது. உள்ளேயிருந்து பார்க்கும்போது இரண்டும் அச்சு அசலாக ஒன்று போலவே இருக்கும். மருந்து மட்டும் நேரெதிர். சலிப்புக்கு ஓய்வு கொடுத்தால் சலிப்பு கூடும். களைப்புக்குச் சாட்டையடி கொடுத்தால் ஒரு வாரத்தில் போயிருக்க வேண்டியது ஒரு வருடத்தைத் தின்றுவிடும்.

நான் பார்த்தவரை பலர் மருந்தை மாற்றித்தான் சாப்பிடுகிறார்கள். பிடிவாதக்காரர் ஓய்வெடுக்க வேண்டிய நாளில் தன்னைத் தானே திட்டிக்கொண்டு கூடுதலாக 5 கிலோமீட்டர் ஓடுகிறார். நோகாமல் இருக்க விரும்புகிறவர் “உடம்பு சொல்வதைக் கேட்கிறேன்” என்று போர்வையை இழுத்துக்கொள்கிறார். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் முதலில் சோதனை, அப்புறம்தான் மருந்து.

சோதனைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். காலையில் எழுந்ததும், படுக்கையை விட்டு இறங்கும் முன் நாடித்துடிப்பு. எத்தனை மணி நேரத் தூக்கம். மனநிலை எப்படி என்று ஒரே ஒரு சொல். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, அது எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். அந்த மதிப்பெண்ணை நிமிடங்களால் பெருக்கிக்கொள்ளுங்கள். கார்ல் ஃபாஸ்டர் என்ற விளையாட்டு ஆய்வாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த கணக்கு இது. 50 நிமிடம் மெதுவாக ஓடி 3 மதிப்பெண் போட்டால் 150. 40 நிமிடம் இன்டர்வெல் (வேகமாக ஓடி, சற்று ஆசுவாசம், மறுபடி வேகம்) செய்து 8 போட்டால் 320. குறைந்த நேரம்தானே என்று நினைத்த பயிற்சி இரண்டு மடங்கு செலவு வைத்திருப்பது அப்போதுதான் தெரியும். இரண்டு வாரம் இப்படி எழுதினால் உங்கள் வழக்கமான நிலை எது என்று பிடிபடும். அது தெரியாமல் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது.

அறிகுறி: கிளம்பவே மனசு வரவில்லை

அதிகம் வருகிற புகார் இது. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

முதலில் விதிவிலக்குகள். காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சடைப்பு, தலைசுற்றல், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் எலும்பு வலி, இவற்றில் ஏதாவது இருந்தால் சோதனையே வேண்டாம். வீட்டில் இருங்கள். நெஞ்சுவலி, மூச்சடைப்பு என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள். வெறும் மூக்கொழுகல் என்றால் மெதுவான நடையோ ஓட்டமோ பரவாயில்லை. காய்ச்சலோடு கடினமாகப் பயிற்சி செய்வது வேறு விஷயம், வைரஸ் தொற்று இதயத் தசையை வீங்க வைக்கும் அபாயம் அதில் இருக்கிறது.

இவை எதுவும் இல்லையென்றால் கிளம்புங்கள். 15 நிமிடம், பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில். அதுவரை ஒரு முடிவும் எடுக்கக் கூடாது. குறிப்பாக முதல் 5 நிமிடத்தின் பேச்சை நம்பாதீர்கள், எனக்கு மிக நல்ல நாளிலும் முதல் 5 நிமிடம் கால் மரக்கட்டைதான். 15வது நிமிடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: தொடங்கியபோது இருந்ததைவிட இப்போது எப்படி?

இலகுவாகிவிட்டது என்றால் மனசுதான் மக்கர் செய்தது. திட்டமிட்டதைச் செய்து முடியுங்கள். முன்னேற்றமும் இல்லை, மோசமும் இல்லை என்றால் மெதுவாகவே முடித்துவிட்டு வாருங்கள், அன்றைய வேகப் பயிற்சியை மறந்துவிடலாம். ஒவ்வொரு நிமிடமும் கனம் கூடுகிறது, மெதுவான வேகமே மூச்சு வாங்க வைக்கிறது என்றால் திரும்பி வீட்டுக்கு நடங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சோதனை தன் வேலையைச் செய்திருக்கிறது.

இந்தச் சோதனையை ஏமாற்றக்கூடிய ஒன்று உண்டு. அது மூளைக் களைப்பு. 2009இல் சாமுவேல் மார்கோராவும் சக ஆய்வாளர்களும் 16 பேரை 90 நிமிடம் கணினியில் கவனம் தேவைப்படும் வேலையில் உட்கார வைத்துவிட்டு, பிறகு சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். அதே ஆட்கள் வேறொரு நாளில் 90 நிமிடம் ஆவணப்படம் பார்த்துவிட்டு மிதித்தார்கள். கணினி வேலைக்குப் பிறகு சராசரியாக 640 விநாடியில் கைவிட்டார்கள், படம் பார்த்த நாளில் 754 விநாடி தாங்கினார்கள். இதயமும் நுரையீரலும் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்தன. ‘கஷ்டமாக இருக்கிறது’ என்ற உணர்வு மட்டும் சீக்கிரமே உச்சத்துக்குப் போய்விட்டது. அலுவலகத்தில் நாள் முழுக்க மண்டையைக் கசக்கிவிட்டு மாலையில் ஓடுகிறவருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த மாதிரி நாட்களில் ஓட்டத்தை ரத்து செய்ய வேண்டாம், வேக இலக்கை மட்டும் ரத்து செய்யுங்கள். கடினமான பயிற்சியைக் காலைக்கோ விடுமுறை நாளுக்கோ நகர்த்துவது இன்னும் நல்லது.

சரி, மனசுதான் காரணம் என்று திரும்பத் திரும்பத் தெரிகிறது, என்ன செய்வது? ஊக்கமூட்டும் வீடியோ பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அதன் வேகம் வாசல்படி வரைக்கும்தான். முடிவெடுக்கும் வேலையைக் குறைப்பது பலன் தரும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வழி என்பதை முந்தைய ஞாயிறே எழுதிவிடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது யாரோடாவது சேர்ந்து ஓடுங்கள், காத்திருக்கும் ஒரு ஆள் பத்து அலாரத்துக்குச் சமம். ஒரு நாள் வாட்ச் இல்லாமல் போங்கள். ஆறு மாதமாக ஒரே வழியில் ஓடியிருந்தால் சலிப்புக்கு வேறு காரணம் தேட வேண்டாம், வழியை மாற்றுங்கள்.

அப்புறம், ஒரே வாரத்தில் மூன்று முறை பாதியில் திரும்பி நடக்க நேர்ந்தால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: அதே வேகம், ஆனால் இதயம் அதிகமாக அடிக்கிறது

உடனே ‘ஃபிட்னஸ் போச்சு’ என்று முடிவுகட்ட வேண்டாம். முதலில் சுலபமான காரணங்களைத் தள்ளுங்கள். வெயில், புழுக்கம், தண்ணீர் போதாமை, முந்தைய இரவு தூக்கக்குறைவு, இவை ஒவ்வொன்றுமே தனியாகத் துடிப்பை ஏற்றப் போதுமானவை. ஒரே நாள் காலை நாடித்துடிப்பு கூடியிருந்தால் அதற்கு அர்த்தம் எதுவுமில்லை. வழக்கத்தைவிட 5 முதல் 10 துடிப்பு வரை கூடுதலாக, மூன்று நான்கு நாள் தொடர்ந்து இருந்தால் கவனிக்க வேண்டும். அடுத்த ஓரிரு நாளில் சளிக் காய்ச்சல் வெளிப்படுவதும் உண்டு.

இதற்கு நேரெதிரான அறிகுறி இன்னும் தந்திரமானது. கடினமாக உழைக்கிறீர்கள், கால் எரிகிறது, இதயத்துடிப்பு மட்டும் மேலே ஏற மறுக்கிறது. வாட்சைப் பார்த்து ‘அட, தேறிவிட்டேன்’ என்று சந்தோஷப்படுவோம். உண்மையில் தேறியிருந்தால் துடிப்பு குறைவதோடு ஓடுவதும் சுலபமாக இருக்கும். துடிப்பு குறைந்து கஷ்டம் கூடியிருந்தால் அது சேர்ந்துபோன களைப்பு. இதனால்தான் மதிப்பெண்ணையும் எழுதச் சொன்னேன், வாட்ச் தனியாகப் பார்த்தால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

மருந்து: 3 நாள் முழு ஓய்வு, அல்லது நடை மட்டும். பிறகு ஒரு வாரம் வழக்கமான தூரத்தில் பாதி, எல்லாமே மெதுவாக. சரியாகிவிட்டால் இனிமேல் மூன்று வாரம் கூட்டி நான்காவது வாரம் குறைக்கும் பழக்கத்துக்கு வாருங்கள். இறைக்கிற கிணறுதான் சுரக்கும் என்பது சரிதான், ஆனால் சுரப்பது இறைக்காத நேரத்தில்.

சரியாகவில்லை என்றால் இரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் இயல்பாக இருந்தும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். மாதவிடாய் உள்ள பெண்களுக்கும், சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும், நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கும் இது அடிக்கடி வரும். பரிசோதனை இல்லாமல் இரும்பு மாத்திரையைச் சுயமாக விழுங்காதீர்கள், கூடிப்போனாலும் கெடுதல்தான்.

அறிகுறி: எப்போதும் அரைக் களைப்பு, வேகமும் கூடவில்லை

இதற்குச் சோதனை சின்னது. அடுத்த ‘ஈஸி’ ஓட்டத்தில் முழு வாக்கியங்களாக யாரிடமாவது பேசிப் பாருங்கள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் அது ஈஸி இல்லை. நோயும் அதுதான். மெதுவான நாட்கள் போதுமான மெதுவாக இல்லாததால், கடினமான நாளில் கடினமாக ஓடவும் முடியவில்லை. ஸ்டீஃபன் சைலர் என்ற ஆய்வாளர் உலகத்தர வீரர்களின் பயிற்சியை அலசியபோது, அவர்களுடைய பயிற்சிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் மெதுவானவை என்று கண்டார். நம்மில் பலருக்கு எல்லா நாளும் நடுத்தரம். வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் கால் இல்லை, கௌரவம். மெதுவான நாளில் யார் முந்திப் போனாலும் போகட்டும்.

அறிகுறி: ஓய்வு நாளில் இருப்புக் கொள்ளவில்லை

இது ஊக்கம் குறைந்த பழுது இல்லை, அளவுக்கு மீறிய பழுது. ஓய்வு நாள் வந்தால் எரிச்சல், குற்ற உணர்ச்சி, ‘ஒரே ஒரு 3 கிலோமீட்டர்’ என்று ஷூவைத் தேடுவது. எனக்கு மிகவும் பழக்கமான நோய். ஒருமுறை நாள் தவறாமல் ஓடுகிற வரிசை 140ஐத் தாண்டியிருந்தது. கீழ்க்காலின் உட்புற எலும்பில் ஒரு வலி வந்தது. வரிசை அறுந்துவிடக் கூடாதே என்று 11 நாள் அதோடு ஓடினேன். அப்புறம் 7 வாரம் ஓடவே இல்லை. கணக்கு எனக்கே சிரிப்பை வரவழைத்தது.

வரிசைக்காரர்களில் உச்சம் பிரிட்டனின் மாரத்தான் வீரர் ரான் ஹில். 1964 டிசம்பரில் தொடங்கி 2017 ஜனவரி வரை, 52 ஆண்டுக்கும் மேலாக, ஒரு நாளும் ஒரு மைலுக்குக் குறையாமல் ஓடியதாகக் கணக்கு வைத்திருந்தார். 1993இல் கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோலோடு அந்த மைலை முடித்தார். கடைசியில் ஓடும்போது இதயப் பகுதியில் வலி வந்த பிறகுதான் நிறுத்தினார். ஆச்சரியப்படலாம், அவரைப் போல நாமும் செய்ய வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அவருடைய வரிசையின் குறைந்தபட்ச அளவு ஒரு மைல்தான். வரிசை வைத்தே தீருவேன் என்கிறவர்கள் ‘தினமும் 20 நிமிடம் உடம்பை அசைப்பேன்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். நடையும் கணக்கில் சேரட்டும். நோட்டில் ஓய்வு நாளையும் ஒரு பயிற்சியாக எழுதி டிக் அடியுங்கள். அற்பமாகத் தோன்றும், ஆனால் என்னிடம் வேலை செய்தது.

பயத்துக்கு மருந்து எண்கள். 1984இல் எட்வர்ட் கோய்ல் குழுவினர், நன்றாகப் பயிற்சி பெற்றவர்களை முழுவதுமாக நிறுத்தச் சொல்லி அளந்தார்கள். உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் முதல் 21 நாட்களில் 7 சதவீதம் இறங்கியது. 56 நாட்களில் மொத்த இழப்பு 16 சதவீதம், அதற்குப் பிறகு அப்படியே நின்றது. மூன்று வாரம் ஒன்றுமே செய்யாதவருக்கே இழப்பு இவ்வளவுதான் என்றால், ஒரு செவ்வாய்க்கிழமை ஓடாததால் எவ்வளவு போகும்?

முழுவதும் நிறுத்தாமல் குறைத்தால் இன்னும் நல்ல செய்தி. 1980களில் ராபர்ட் ஹிக்சன் நடத்திய ஆய்வுகளில், வாரம் 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று 10 வாரம் கடுமையாகப் பயிற்சி பெற்றவர்கள் பிறகு அளவைக் குறைத்தார்கள். ஒரு ஆய்வில் வாரம் 2 நாளாக, இன்னொன்றில் நாளுக்கு 13 நிமிடமாக. பயிற்சியின் கடுமை மட்டும் மாறவில்லை. 15 வாரம் ஆகியும் அந்த உச்சத்திறன் பெரிதாக இறங்கவில்லை. 13 நிமிடக்காரர்களுக்கு நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் திறன் மட்டும் குறைந்தது. வேறொரு ஆய்வில் கடுமையைக் குறைத்தவர்களுக்கோ உச்சத்திறனே இறங்கிவிட்டது. வேலை நெருக்கடியான மாதத்தில் இதை நினைவில் வையுங்கள்: தூரத்தைத் தைரியமாக வெட்டலாம், வாரம் ஒன்றிரண்டு கடினமான பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. காயத்தோடும் காய்ச்சலோடும் ஓடுவது, ஓடாத நாளில் சாப்பிட மறுப்பது, குடும்பத்தை ஏமாற்றிவிட்டுப் போவது என்ற அளவுக்கு வந்துவிட்டால் அட்டவணையால் தீராது. மனநல நிபுணரிடம் பேச வேண்டிய விஷயம் அது.

அறிகுறி: நான் நன்றாக இருக்கிறேன், வாட்ச் ‘ஓய்வெடு’ என்கிறது

வாட்ச் துடிப்பையும் அசைவையும் அளந்து மீதியை ஊகிக்கிறது. ஒரு நாள் சிவப்பு காட்டினால் 15 நிமிடச் சோதனையைச் செய்துவிட்டு நீங்களே தீர்மானியுங்கள். தொடர்ந்து ஐந்தாறு நாள் காட்டினால் அது ஏதோ சொல்கிறது. காலையில் எழுந்ததும் தூக்க மதிப்பெண்ணைப் பார்த்த பிறகுதான் களைப்பு வருகிறது என்றால், இரவில் அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

அறிகுறி: போட்டிக்கு முந்தைய வாரம், ஓய்விலும் கால் கனக்கிறது

பழுது எதுவும் இல்லை. போட்டிக்கு முன் பயிற்சியைக் குறைக்கும், டேப்பர் என்ற அந்தக் கடைசி இரண்டு வாரத்தில் பலருக்கும் கால் கனக்கும், இல்லாத வலியெல்லாம் வரும், தூக்கம் கெடும். 2007இல் வந்த லோரான் போஸ்கே குழுவின் தொகுப்பாய்வு சொன்ன வழி: சுமார் 2 வாரம், பயிற்சி அளவை 41 முதல் 60 சதவீதம் வரை குறைப்பது, வேகத்தையும் வாரத்தின் பயிற்சி நாட்களையும் குறைக்காமல் இருப்பது. பதற்றத்தில் ‘ஒரு கடைசி லாங் ரன்’ போட்டு எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு.

அறிகுறி: இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் தேறவில்லை

இங்கே நகைச்சுவையை ஒதுக்கிவிட்டுப் பேச வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்புகள் 2013இல் சேர்ந்து வெளியிட்ட ஒப்பந்த அறிக்கை இதை ஒரு ஏணி போலப் பார்க்கிறது. முதல் படியில் சில நாள் முதல் இரண்டு வாரம் வரையிலான ஓய்வில் தேறி, முன்பைவிட நன்றாகிவிடுவோம். திட்டமிட்டுச் செய்தால் அது பயிற்சியின் ஒரு பகுதியே. இரண்டாவது படியில் வாரங்களும் மாதங்களும் ஆகும், லாபமும் கிடைக்காது. மூன்றாவது, மிகைப்பயிற்சி நோய். அதற்கு மாதக்கணக்கு, சிலருக்கு இன்னும் கூட. எந்தப் படியில் நிற்கிறோம் என்று அன்றே சொல்லும் ஒற்றைப் பரிசோதனை கிடையாது. வேறு நோய்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும். எனவே தைராய்டு, இரும்பு, சர்க்கரை, நாள்பட்ட தொற்று, மனச்சோர்வு எல்லாவற்றையும் மருத்துவர் பார்க்கட்டும்.

ஓய்வு போதுமா என்று கேட்கிற அளவுக்குச் சாப்பாடு போதுமா என்று யாரும் கேட்பதில்லை. செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால் உடம்பு மற்றத் துறைகளின் பட்ஜெட்டை வெட்டும்: ஹார்மோன், எலும்பு, எதிர்ப்புச் சக்தி, மனநிலை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்குத் தனிப்பெயர் கொடுத்து, ஆண்களுக்கும் இது வரும் என்று தெளிவாகச் சொன்னது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவதும் தள்ளிப்போவதும் முக்கிய அறிகுறி. ‘அதிகமாக ஓடுகிறேன், அதனால் நின்றுவிட்டது, நல்லதுதான்’ என்று விட்டுவிடக் கூடாது. ஆண்களுக்குக் காலை விறைப்பு குறைவது, பாலுணர்வு மங்குவது. கூடவே திரும்பத் திரும்ப எலும்புக் கீறல் வந்தால் சந்தேகமே வேண்டாம், மருத்துவரோடு உணவு நிபுணரையும் பாருங்கள்.

விருப்பம் இருந்தால் எதையும் வென்றுவிடலாம் என்று நம்புகிறவர்கள் ரயான் ஹாலை நினைத்துப் பார்க்கலாம். 2007இல் அரை மாரத்தானை 59 நிமிடம் 43 விநாடியில் ஓடி அமெரிக்கச் சாதனை படைத்தவர். 2016 ஜனவரியில், 33 வயதில், விடாத களைப்பையும் டெஸ்டோஸ்டிரோன் குறைவையும் காரணமாகச் சொல்லி ஓய்வு பெற்றார். அவருக்கு ஊக்கம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அறிகுறி: பெரிய போட்டி முடிந்தது, எதிலும் பிடிப்பில்லை

ஆறு மாதம் ஒரே தேதியை நோக்கி வாழ்ந்துவிட்டு, அந்தத் தேதி கடந்துபோனதும் வரும் வெறுமை. இதைக் குணப்படுத்த உடனே அடுத்த போட்டிக்குப் பணம் கட்டுவது வழக்கம். நான் அதற்கு எதிரி. மாரத்தானுக்குப் பிறகு நடை வலியில்லாமல் ஆகி வெகுநாள் கழித்துத்தான் தசையும் முழுமையாகத் தேறும். இரண்டு வாரம் அட்டவணை வேண்டாம், தோன்றினால் நீந்துங்கள், சைக்கிளில் சுற்றுங்கள். மூன்றாவது வாரத்தில் போட்டிகளின் பட்டியலைத் திறக்கலாம். வெறுமை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, தூக்கம், சாப்பாடு, மற்ற ஆசைகளையும் தொட்டுவிட்டால் அது ஓட்டத்தின் பிரச்சினை இல்லை, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அறிகுறி: ஒரு மாதம் விட்டாச்சு, திரும்பத் தொடங்க முடியவில்லை

இங்கே மனசை மடக்குவது ஒரு ஒப்பீடு: நேற்றைய என் வேகம். பழைய வேகத்தில் முதல் நாளே ஓடிப் பார்க்கிறோம், முடியவில்லை, மறுபடி ஒரு வாரம் ஓட்டமே இல்லை. இன்னொரு சிக்கல், மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும், தசைநாணும் எலும்பும் மெதுவாகத்தான் வரும். மூன்றாவது வாரத்தில் ‘பழைய ஆளாகிவிட்டேன்’ என்ற தைரியத்தில்தான் பலருக்குக் காயம்.

நான் செய்வது இது. விடுவதற்கு முன் ஓடியதில் பாதி நேரத்தில் தொடங்குவேன், நடையும் ஓட்டமும் கலந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் இரண்டு வாரம் இன்டர்வெல் கிடையாது. நான்கு வாரத்தில் பழைய அளவுக்கு வந்தால் போதும். அந்த இரண்டு வாரம் நோட்டில் வேகத்தை எழுத மாட்டேன், தேதியும் நிமிடமும் மட்டும்.